மூன்று மணிக்குள் ஒரு சம்மதம்

வியாழக்கிழமை பிற்பகல் ஒன்றே முக்கால். பஃபலோ மில்லர்ஸ் கூடைப்பந்து அணியின் அலுவலகத்தில் மூன்று பேர் ஒரே ஒரு பெயரை வைத்துக் காலையிலிருந்து மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஆல்டன் பெல்லமி. வயது முப்பத்தைந்து. சம்பளம் வருடத்துக்கு நாற்பத்தெட்டு மில்லியன் டாலர். இந்த வருடம் போக இன்னும் இரண்டு வருடத்துக்கு அதே சம்பளம். சான் டியேகோ அணி அவரை விட்டுத்தரத் தயார். ஆனால் மூன்று மணி அடித்தால் லீக் கதவைச் சாத்திவிடும். அதன் பிறகு இந்த சீசன் முடியும்வரை எந்த அணியும் எந்த வீரரையும் மாற்றிக்கொள்ள முடியாது.

வாங்கியே ஆகவேண்டும் என்றார் அணியின் முதலாளி காரெட் ஹால்டேன். கராஜ் கதவு செய்து விற்றுப் பெரிய ஆளானவர். இந்த சீசனில் தோற்ற இருபது ஆட்டங்களில் பதினொன்று, ஐந்து புள்ளிக்கும் குறைவான வித்தியாசத்தில் போனவை. கடைசி இரண்டு நிமிடத்தில் பந்தை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நம் பையன்கள் திருவிழாவில் தொலைந்த பிள்ளைகள் மாதிரி முழிக்கிறார்கள். அந்த இரண்டு நிமிடத்துக்காகவே பிறந்தவன் பெல்லமி என்பது அவர் கட்சி.

கூடாது என்றாள் கோரின் டப்ரோவ்ஸ்கி. துணை மேலாளர், வக்கீல் படிப்பு படித்தவள். அணியின் ஒப்பந்தங்கள் அத்தனையும் அவள் கையால் எழுதப்படுபவை. அடுத்தடுத்த நாள் ஆட்டம் வந்தால், முழங்கால் வலியால் இரண்டாம் நாள் பெல்லமி ஆடாமல் கோட்டு போட்டுக்கொண்டு ஓரமாகத்தான் உட்காருவார் என்றாள். முப்பத்தேழு வயதில் அந்த முழங்காலுக்கு நாற்பத்தெட்டு மில்லியன் யார் கொடுப்பது? பதிலுக்கு மூன்று வீரர்களையும், இரண்டு வருடத்துக்கு முதல் சுற்றில் புது வீரரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையையும் தூக்கிக்கொடுத்தால், அந்தப் பள்ளத்திலிருந்து ஏற ஐந்து வருடம் ஆகும்.

"நீ விருந்துக்குப் போனாலும் சாப்பாட்டை விட்டுட்டு பில்லைத்தான் பார்ப்பே போல" என்றார் ஹால்டேன்.

"பில் கடைசியில என் மேஜைக்குத்தான் வருது, மிஸ்டர் ஹால்டேன்."

மூன்றாமவர் பொது மேலாளர் லீலண்ட் ப்ரூவிட். முடிவு அவருடையது. அறுபத்தாறு வயது, ஜூனில் ஓய்வு பெறுகிறார். அவர் நாற்காலி அடுத்து கோரினுக்குத்தான் என்று டிசம்பரிலேயே ஹால்டேன் வாக்குக் கொடுத்திருந்தார். இத்தனை நேரமும் ஆறிப்போன சிக்கன் விங்ஸைக் கொறித்தபடி பேசாமல் இருந்த ப்ரூவிட், இரண்டு பத்துக்குக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"கோரின் சொல்றது எல்லாமே சரி. ஆனா அது அடுத்த வருஷத்துக் கவலை. நான் இந்த வருஷம் ஜெயிக்கணும். வாங்குவோம்."

ஹால்டேன் மேஜையை ஒருமுறை தட்டினார். அவ்வளவுதான். சான் டியேகோவுக்குப் போன் போனது. இரண்டு ஐம்பதுக்கு லீக்கின் வக்கீல்களோடு இரு தரப்பும் போனில் சேர்ந்து, நிபந்தனைகளை வாய்விட்டு வாசித்து உறுதிசெய்ய வேண்டும். வாசிக்கப்போவது கோரின்.

தோற்றதை விழுங்கிக்கொண்டு, அனுப்பவேண்டிய மூன்று வீரர்களின் ஒப்பந்தங்களைத் திறந்தாள். முதல் இரண்டிலும் சிக்கல் இல்லை. மூன்றாவது ராய்ஸ் டில்லரியுடையது. முப்பத்துமூன்று வயது, ஆட்டத்துக்குப் பத்து நிமிடம் இறங்குகிற மாற்று வீரர். பெல்லமிக்கு ஈடாக அவரை யாரும் கேட்கவில்லை. போகிற சம்பளமும் வருகிற சம்பளமும் ஏறக்குறைய சமமாக இருக்கவேண்டும் என்பது லீக் விதி. தராசில் குறைந்த ஆறு மில்லியனுக்கு வைத்த படிக்கல் அவர்.

கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இல்லை.

கோரின் பக்கத்தைத் திருப்பினாள். மறுபடி முன்னால் வந்தாள். இல்லை.

டில்லரியைப் போலச் சொந்த அணியிலேயே ஒரு வருட ஒப்பந்தத்தில் மறுபடி சேரும் வீரரை, அவர் சம்மதம் இல்லாமல் வேறு அணிக்கு அனுப்ப முடியாது. அந்த உரிமையை விட்டுக்கொடுக்கிறேன் என்று கையெழுத்துப் போடும்போதே ஒரு வரி எழுதி வாங்கிவிடுவார்கள். ஜூலையில், ஒரே நாளில் ஏழு ஒப்பந்தம் முடித்த அவசரத்தில், பழைய படிவத்தை எடுத்து டில்லரியின் பெயரை நிரப்பியிருந்தாள் அவள். பழைய படிவத்தில் அந்த வரி கிடையாது.

கடிகாரத்தில் இரண்டு இருபது.

அவள் செய்யவேண்டியது ஒன்றுமே இல்லை. சும்மா இருந்தால் போதும். இரண்டு ஐம்பதுக்கு லீக் வக்கீலே கேட்பார், டில்லரியின் சம்மதம் எங்கே என்று. அப்போது ஓடித் தேட நேரம் இருக்காது. பேரம் தானாகச் செத்துவிடும். ஒரு வரி விட்டுப்போனது வெறும் கவனப்பிசகு. திட்டு விழும், ஆனால் முன்பே பார்த்துவிட்டாள் என்று ஒருவருக்கும் தெரியாது. பெல்லமி வரமாட்டார். அவள் வாதம் ஜெயித்துவிடும்.

இரண்டு நிமிடம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு லேப்டாப்பை ப்ரூவிட் பக்கம் திருப்பினாள்.

"டில்லரி ஒத்துக்கணும். அவர் சம்மதம் இல்லாம இது நடக்காது. அந்த வரியை நான் விட்டுட்டேன்."

வேறு வீரரை வைத்துச் சரிக்கட்ட முடியாதா என்று ப்ரூவிட் கேட்டார். முடியாது, வேறு யாரை வைத்தாலும் தராசு ஒருபக்கம் சாயும். காலையிலிருந்து அத்தனை பேரையும் வைத்துப் பார்த்தாகிவிட்டது.

"அப்ப போய்க் கேளு. எழுதினவ நீதானே" என்றார் ஹால்டேன்.

டில்லரி கீழே சிகிச்சை அறையில், இடுப்புவரை பனிக்கட்டித் தண்ணீர் நிரம்பிய தொட்டிக்குள் உட்கார்ந்திருந்தார். மாலையில் ஆட்டம் இருந்தது. கோரினைக் கண்டதும் அங்கிருந்த உதவியாளரை வெளியே போகச் சொன்னார்.

"வக்கீலம்மா நேர்ல வந்திருக்கீங்க. எந்த ஊருக்கு மூட்டை கட்டணும்?"

சான் டியேகோ என்றாள். பிறகு சட்டப்படி சொல்லவேண்டியதை ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் சம்மதித்தால்தான் நடக்கும். சம்மதித்தால், அடுத்த வருடம் பெரிய சம்பளம் கேட்க வழிசெய்யும் சலுகை அவர் கையைவிட்டுப் போகும். ஏஜென்ட்டிடம் கேட்டுக்கொள்ளலாம். டில்லரி தொட்டிக்குள் இருந்தபடியே ஏஜென்ட்டைக் கூப்பிட்டார். மூன்று முறையும் பிஸி. இன்றைய நாளில் எந்த ஏஜென்ட்டின் போன்தான் கிடைக்கும்?

அவர் சிரித்தார். இதுவரை ஐந்து தடவை தன்னை விற்றிருக்கிறார்கள் என்றார். ஒருமுறை விமான நிலைய டிவியில் பார்த்துத் தெரிந்துகொண்டார். ஒருமுறை பாதி முடிவெட்டிக்கொண்டிருக்கும்போது முடிதிருத்துபவர் சொன்னார். போகிறாயா என்று கேட்டவர் இதுவரை ஒருவருமில்லை.

"சரி, நீங்க சொல்லுங்க. பெல்லமி வந்தா டீமுக்கு நல்லதா?"

மணி இரண்டு முப்பத்தெட்டு. கூடாது என்பதற்கான காரணங்கள் அவள் நாக்கு நுனியில் இருந்தன. ஆனால் அவள் இங்கே வந்திருப்பது ப்ரூவிட்டின் ஆளாக. தன் கட்சியைப் பேச அவளைக் கீழே அனுப்பவில்லை.

ப்ரூவிட் என்ன சொல்வாரோ அதைச் சொன்னாள். ஒப்புக்குச் சொல்லவில்லை. நூலிழையில் தோற்ற பதினொரு ஆட்டங்களையும், அவற்றின் கடைசி இரண்டு நிமிடங்களையும் ஒவ்வொன்றாக எடுத்துவைத்தாள். எதிரணி இரண்டு பேரை பெல்லமி மேல் ஏவும்போது நம் இளைஞர்களுக்கு எங்கே இடைவெளி கிடைக்கும் என்பதை ஈரத் தரையில் விரலால் கோடு போட்டே காட்டினாள். இப்படியே போனால் இரண்டாவது சுற்றோடு வீடு திரும்ப வேண்டியதுதான். பெல்லமி இருந்தால் இறுதிப் போட்டி, நிஜமாகவே. சொல்லச் சொல்ல அவளுக்கே அது நம்பும்படி இருந்தது.

டில்லரி கண் எடுக்காமல் கேட்டார். "இறுதிப் போட்டி."

"வாய்ப்பிருக்கு."

"பன்னெண்டு வருஷம் ஆடியிருக்கேன், வக்கீலம்மா. ஒரு தடவைகூட அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. நீங்க சொல்றதைப் பார்த்தா இங்கதான் விருந்து. பந்தி போடுற நேரத்துல நான் எதுக்கு எழுந்து போகணும்?"

அவர் போகாவிட்டால் பெல்லமி வரமுடியாது, விருந்தே இல்லை என்று கோரின் விளக்கினாள்.

"புரியுது. அவன் வரலைன்னா இருக்கிறதை வெச்சு ஆடுவோம். நான் போய் இவனுங்க ஜெயிக்கிறதை சான் டியேகோ சோபாவுல உட்கார்ந்து பார்க்கணுமா? மாட்டேன். இதான் என் பதில். என்னை முதல்முதலா கேட்டது நீங்க. அதுக்கு நன்றி."

அவள் இன்னும் இரண்டு முறை கேட்டாள். இரண்டு முறையும் அதே பதில்.

படியேறி வந்தபோது இரண்டு நாற்பத்தெட்டு. நடந்ததை நடந்தபடி சொன்னாள். ப்ரூவிட் கண்ணை மூடிக்கொண்டார். ஹால்டேன் எழுந்து அவள் முன்னால் வந்து நின்றார்.

"காலையிலேர்ந்து வேணாம்னு சொன்னது நீ. வரியை விட்டது நீ. தனியா போய்ப் பேசினதும் நீ. நான் என்னன்னு நினைக்கட்டும்?"

"போன் போட்டு அவர்கிட்டயே கேளுங்க."

கேட்டார். ஸ்பீக்கரில் டில்லரியின் குரல் நடுங்கியது, குளிரில். "அந்தம்மா பெல்லமியை அப்படி வித்தாங்க, சார். அதனாலதான் நான் நகரமாட்டேங்கிறேன்" என்றார். வேறு ஏதாவது வழி இருக்கிறதா என்று ஹால்டேன் கேட்டதற்கு, தண்ணீர் சில்லென்று இருக்கிறது, எழுந்துகொள்கிறேன் என்று வைத்துவிட்டார்.

மணி இரண்டு ஐம்பத்தொன்று. லீக்கோடு பேசும் நேரம் தாண்டிவிட்டது. சான் டியேகோ மேலாளர் மார்கோ சாந்திலானின் எண் போன் திரையில் மின்னியது. எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்கத்தான் கூப்பிடுகிறார். கோரின் கையை நீட்டினாள்.

"எடுக்காதே" என்றார் ஹால்டேன்.

அவர் குரல் இப்போது மாறியிருந்தது. வியாபாரம் பேசும் குரல். பெல்லமியைக் கேட்டு சின்சினாட்டியும் வாசலில் நிற்கிறது. நாம் விலகியது தெரிந்தால் சாந்திலான் அடுத்த நிமிடமே அங்கே விற்றுவிடுவார். இப்போதைய நிலவரப்படி, சீசன் முடிந்து ஏப்ரலில் வரும் பிளே-ஆஃப் சுற்றில் முதலில் மோதப்போவதே சின்சினாட்டியோடு. மூன்று மணி வரை சாந்திலானைக் காத்திருக்க வைத்துவிட்டால் பெல்லமி யாருக்கும் இல்லை.

"ஒன்பது நிமிஷம் சும்மா இரு, கோரின். வேற ஒண்ணும் செய்ய வேண்டாம். அந்த வரியை நான் மறந்துடறேன். ஜூன்ல நாற்காலி உன்னுது. எடுத்தேன்னா வேற ஆள் பார்ப்பேன்."

போன் அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது.

கோரின் ப்ரூவிட்டைப் பார்த்தாள். இன்றைக்கும் மேலாளர் அவர்தான். அவர் ஜன்னலுக்கு வெளியே பனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எடு என்றும் சொல்லவில்லை, எடுக்காதே என்றும் சொல்லவில்லை. நாற்காலியை அவள் எவ்வளவு விரும்பினாள் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். பதினான்கு வருடம் அதன் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தவள். ஆனால் அந்த நாற்காலியில் உட்காருகிறவரின் வேலையே இந்தப் போனைப் பேசுவதுதான். இன்று காத்திருக்க வைத்தால், நாளை அவள் கூப்பிடும்போது சாந்திலானும் எடுக்கமாட்டார், மற்ற மேலாளர்களும் எடுக்கமாட்டார்கள். பிறகு அது வெறும் நாற்காலி.

அவள் எடுத்தாள்.

"மார்கோ, எங்களால முடியலை. டில்லரி மறுத்துட்டார். தப்பு எங்க பக்கம், ஒப்பந்தத்தை எழுதினது நான். உங்களுக்கு இன்னும் எட்டு நிமிஷம் இருக்கு."

அந்தப் பக்கம் ஒரு கெட்ட வார்த்தை, பிறகு நாற்காலி நகரும் சத்தம். நன்றி சொல்லவில்லை; அதற்கு அவருக்கு நேரமில்லை. லைன் கட்டானது.

ஹால்டேன் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

மூன்று மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது டிவியின் அடிவரியில் செய்தி ஓடியது: ஆல்டன் பெல்லமி சின்சினாட்டிக்கு.

"ஏப்ரல்ல அவன் நம்ம மேல இருபத்தெட்டு பாயின்ட் போடுவான்" என்றார் ப்ரூவிட்.

"முதல் நாள் போடுவான்" என்றாள் கோரின். "அடுத்த நாளும் ஆட்டம் வெச்சா பார்ப்போம்."

பிறகு லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி, பழைய படிவத்தைத் தேடி அழித்தாள்.