நாடா வைத்த மெத்தை

அய்யாக்குட்டி அண்ணன் கொல்லைப்பக்கமாக வந்து நின்றார். சாத்தான்குளத்துக்காரர். அப்பா ஓட்டிய உப்பள முதலாளியின் அம்பாசடரை இப்போது அவர்தான் ஓட்டுகிறார். அப்பாவுக்கு அது தெரியாது. ஆடியில் வலது கையும் காலும் விழுந்து படுத்தவர், கார் தனக்காக ஷெட்டில் நிற்கிறது என்றே நம்பிக்கொண்டிருந்தார். அம்மாவும் நானும் சொல்லவில்லை.

"சீனித்தாயி, உங்கப்பா ஆறடி. எனக்கு அந்த சீட்டுல உக்காந்தா ரோடே தெரியல. சாக்கை மடிச்சுப் போட்டேன். நேத்து புதுத் துறைமுகத்து ரோட்டுல பிரேக் போடையில அது வழுக்கி, ஒரு உப்பு வண்டி மாட்டை இடிக்கப் பாத்தேன்."

குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பயலுவ வேற, 'ஏலே, டிரைவர் இல்லாம கார் வருதுலே'ங்கானுவ."

நான் எட்டாவதோடு நின்றுவிட்டு வீட்டில் துணி தைக்கிறேன். மூன்று அங்குலக் கனத்தில் மெத்தை தைத்துத் தருவதாகத் தலையாட்டினேன். தோணிக்காரர்கள் கழித்த கயிற்றைப் பிரித்து, நாரைக் காயவைத்து ரெக்ஸினுக்குள் அடைத்தேன். நான்கு மூலையிலும் சீட்டோடு கட்ட நாடா வைத்தேன். அப்பா வேலைக்குத் திரும்பிப் போகும் நாளில் அவிழ்த்துவிடலாம்.

ரெக்ஸினில் ஊசி இறங்கும் சத்தம் வேறு மாதிரி. உள்ளேயிருந்து அப்பா கூப்பிட்டார்.

"ஏளா, அது சட்டைத்துணி இல்லையே. இங்கன கொண்டா."

இடது கையால் மெத்தையின் அகலத்தைச் சாண் போட்டுப் பார்த்தார். எந்த சீட்டு என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"யாரு ஓட்டுதா?"

"சாத்தான்குளத்து அண்ணன். குட்டையா இருப்பாவ."

"எப்ப இருந்து?"

"ஆவணியில இருந்து."

அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்து நான் நகரப் போனேன்.

"நில்லு. கூறுகெட்டவளே, கடத்தண்ணியில கெடந்த கயிறா இது? எத்தனை காஞ்சாலும் உப்பு போகாது. ஐப்பசி மழையில ஈரத்தை இழுத்து நசநசங்கும். புது நார் போடு. பொறவு, ஆளை உசத்திட்ட, சரி. கால் மேல ஏறிருமே, பிரேக் எட்ட வேண்டாமா? முதுகுக்கும் ஒண்ணு தை. நாலு அங்குலம். ஆளு முன்னால வரணும்."

அன்றே எல்லாவற்றையும் பிரித்தேன். மறுநாள் மாலை இரண்டு மெத்தைகளையும் கொண்டுபோய் அவர் அருகில் வைத்தேன். அமுக்கிப் பார்த்தார். விரல் மூலைக்கு வந்ததும் நின்றது.

"இந்த நாடா எதுக்கு?"

 கேட்டதுமே அவருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"ஓடுற ஓட்டத்துல முடிச்சு அவுந்தா அவன் கதி என்னாவும்? நாடா வேண்டாம்ளா. சீட்டோட சேத்து ஆணி அடிச்சிரச் சொல்லு."

கத்தரிக்கோலை எடுத்து வந்தேன். நாடாவை அவரே இடது கையால் விறைப்பாக இழுத்துப் பிடித்துக்கொண்டார். நான் ஒவ்வொன்றாக வெட்டினேன்.