வலியின் ஆரம்ப விலை

சந்தையில் காய்கறி ஏலம் விடுகிற மனுஷனைப் பார்த்து, “இனிமே குரலை உயர்த்தவே கூடாது” என்றார் டாக்டர். நல்ல ஆளிடம் சொன்னார்! பக்கத்தில் நின்ற மனைவிக்குப் பயத்திலும் சிரிப்பு வந்துவிட்டது.

இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய், வளைகிற இடத்தில் பலூன் மாதிரி வீங்கியிருந்தது. வெடித்தால் ஆள் காலி. அந்தப் பகுதியை வெட்டியெடுத்து, செயற்கைக் குழாய் வைத்துத் தைக்க வேண்டும்.

“குரலுக்குப் போற நரம்பு அதை ஒட்டித்தான் ஓடுது. பத்திரமா ஒதுக்கிடுவோம். ஆனாலும் சில பேருக்குக் குரல் போயிடறதுண்டு” என்றார் டாக்டர்.

“குரல் போனா நான் ஊமைப் படத்துலயா நடிக்கிறது?” என்று ஏலக்காரர் சிரித்தார். வீட்டுக்கு வந்த பிறகு சிரிக்கவில்லை.

வீடு அமளிதுமளிப்பட்டது. மைத்துனர் ரத்தம் கொடுக்க ஆள் திரட்டினார். மகள் பிரஷர் பார்க்கும் கருவியை வாங்கி வந்து, போகிறவர் வருகிறவர் கையிலெல்லாம் மாட்டிப் பார்த்தாள். ஏலக்காரர் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு, மெல்லிய குரலில் கத்தரிக்காய் ஏலம் விட்டுப் பார்த்தார். கதவுக்கு இந்தப் பக்கம் நின்று மனைவி அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஆபரேஷன் முடியப் பகல் முழுக்க ஆயிற்று. டாக்டர் வெளியே வந்து, “நல்லபடியா முடிஞ்சுது” என்றதும், முன்பின் தெரியாத ஒரு அம்மாளைக் கட்டிக்கொண்டு மனைவி ஓவென்று அழுதாள்.

மூச்சுவிடத் தொண்டையில் வைத்திருந்த குழாயை எடுத்த பிறகும் ஏலக்காரர் வாய் திறக்கவில்லை. பேசிப் பார்த்துக் குரல் வராவிட்டால்? அந்தப் பயம் அவளுக்குப் புரிந்தது. அவளுக்கும் அதே பயம்தானே.

“ஒண்ணுலேருந்து பத்துக்குள்ள, வலி எவ்வளவு இருக்கு?” என்று நர்ஸ் கேட்டாள்.

அவர் ஒரு விரலைக் காட்டினார்.

“பரவாயில்லையே, நல்ல தைரியசாலி!” நர்ஸ் நகரப் போனாள். அவரோ இருமவும் முடியாமல், போர்வையைக் கசக்கிப் பிடித்து, போகிறவளையே பரிதாபமாகப் பார்த்தார்.

மனைவிக்குச் சட்டென்று பொறிதட்டியது. அவளும் சந்தையில் காய்கறிக் கடை வைத்திருப்பவள். அவரிடம் ஏலம் எடுக்கப் போய்த்தான் அவரையே எடுத்துக்கொண்டவள்.

“நில்லுங்க சிஸ்டர்! இது ஆரம்ப விலை. இவர் என்னைக்கு உச்ச விலையில ஆரம்பிச்சிருக்காரு? நீங்க ஏத்திக் கேப்பீங்கன்னு காத்துக்கிட்டிருக்காரு!”

நர்ஸ் திருதிருவென்று விழித்தாள். மனைவி இடுப்பில் கை வைத்தாள்.

“ரெண்டு! மூணு!”

அவர் வேகமாகத் தலையாட்டினார். இன்னும், இன்னும்.

“நாலு! நாலுக்கு மேல யாருமில்லையா? நாலு ஒரு தரம்...”

அவர் கண்கள் விரிந்தன. அநியாயம்! இப்படி அடிமாட்டு விலைக்கு அவர் எதையுமே விட்டதில்லை.

“நாலு ரெண்டு தரம்... மூணு...”

“எட்டு!”

கரகரத்த குரல்தான். ஆனால் வார்டின் கடைசிக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்து பார்த்தார். ஏலக்காரர் தன் தொண்டையைத் தானே தொட்டுப் பார்த்தார். நர்ஸ் வலி மருந்துக்கு ஓடினாள்.

மனைவிக்குக் கண்ணீர் கொட்டியது. “இன்னொரு வாட்டி சொல்லுங்க...”

“ஒம்பது!” என்றார் அவர்.