மார்ஜரி சாப்பிட்டது

மைக்கல் வீட்டு ஸ்லோ குக்கரில் காலையில் எதைப் போட்டாலும், சாயங்காலம் மூடியைத் திறந்தால் அதில் இருப்பது அவன் மனைவி மார்ஜரி அன்று அரபு நாட்டில் சாப்பிட்ட சாப்பாடு. அவள் இரண்டாம் தடவை வேலைக்குப் போன மூன்றாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை இது தொடங்கியது. அன்று அவர்கள் ஊரான இரத்தோட்டையில் மத்தியானத்திலிருந்தே மழை பெய்துகொண்டிருந்தது.

நாள் முழுக்கக் கரண்டில் மெல்ல வேகவைக்கும் அந்தக் குக்கரை, முதல் தடவை போய்வந்தபோது மார்ஜரிதான் கொண்டுவந்திருந்தாள். மைக்கலுக்குப் பலாபத்வலயில், பிரதான வீதியோரத்து வாசனைத் தோட்டம் ஒன்றில் வேலை. மிளகும் கராம்பும் காயவைத்துத் தரம் பிரிக்க வேண்டும். ஆறரை பஸ்ஸில் போனால் திரும்ப ஏழு மணியாகும். மகள் ஷெரோமிக்குப் பதினொரு வயது. பள்ளிக்கூடம் விட்டால் டியூஷன். அடுப்படியில் நிற்க வீட்டில் ஆளில்லை என்பதால், பயணத்துக்கு முந்தின வாரம் மார்ஜரி ஒரு கொப்பி நிறைய எழுதிவைத்தாள். பருப்பும் பூசணிக்காயும், கிழங்கும் கருவாடும், பலாக்கொட்டையும் கோழியும் என்று, காலையில் வெட்டிப் போட்டு மூடிவிட்டுப் போகக்கூடிய சமையல் எல்லாம் அதில் இருந்தன. ஒவ்வொன்றின் கீழும் தேங்காய்ப்பாலைக் கடைசியில்தான் விட வேண்டும் என்று எழுதிக் கோடு போட்டிருந்தாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மைக்கல் போட்டது பருப்பும் பூசணிக்காயும். தேங்காய்ப்பாலும் கையுமாக மூடியைத் திறந்தவன், ஆட்டிறைச்சி போட்ட மஞ்சள் சோற்றைக் கண்டான். நடுவில் கறுப்பாக, சுருங்கிப்போன ஏதோ ஒரு காய் கிடந்தது. பக்கத்து வீட்டு றமீஸா ராத்தா, ஒரு காலத்தில் ஒன்பது வருஷம் அங்கே வேலை செய்தவர், வந்து பார்த்துவிட்டு அது காய்ந்த எலுமிச்சை என்றும் சோறு பதமாக வெந்திருக்கிறது என்றும் சொன்னார். அன்று போனில் மார்ஜரியிடம் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டான். ஆட்டிறைச்சிச் சோறு என்றாள். எலுமிச்சை போட்டதா என்று அவன் கேட்டதும், உங்களுக்கு எப்படித் தெரியும் என்றாள்.

முதல் மாதம் ஊர் வந்து பார்த்தது. கோயில் ஃபாதர் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு உப்புக் குறைவு என்றார். இரண்டாவது மாதம் யாரும் வரவில்லை. மழையில் பாலத்தடி மண் சரிந்ததால் ஊருக்கு வேறு பேச்சு கிடைத்திருந்தது. தகப்பனும் மகளும் மீனும் சோறும், வெள்ளிக்கிழமைகளில் இனிப்புச் சேமியாவும் தின்று பழகினார்கள். ஷெரோமி சற்றுச் சதை போட்டாள். இப்படியே ஒன்றரை வருஷம் போனது.

அதற்குப் பிறகு, அந்த வீட்டுக்காரர்கள் மார்ஜரியைத் தங்கள் உறவுக்காரர் வீட்டுக்கு மாற்றினார்கள். போகிற வழியில் அவசரமாகக் கூப்பிட்டு, அங்கே போன் தருவார்களோ தெரியாது என்று சொன்னாள். அதுதான் கடைசி அழைப்பு. மறுநாள் குக்கரில் அரை ரொட்டி இருந்தது. அதற்கடுத்த நாள் சட்டி அடியில் சுரண்டிய தீய்ந்த சோறு, ஒரு பிடி. மூன்றாம் நாள் வெறும் தேத்தண்ணீர், சீனி இல்லாமல்.

மைக்கல் காலையில் போடுவதைக் கூட்டினான். பருப்புப் போட்ட இடத்தில் கோழி போட்டான், முட்டை அவித்துப் போட்டான், கெட்டித் தேங்காய்ப்பாலை முதலிலேயே விட்டான். இங்கே போடுவது எங்கேயோ போகத்தானே வேண்டும், ஒருவேளை அவளிடம் போகிறதாக்கும் என்று அவனுக்கு ஒரு எண்ணம். யாரிடம் கேட்டுத் தெளிவது என்று தெரியவில்லை. சாயங்காலம் திறந்தால் அதே அரை ரொட்டி.

அவளை அனுப்பிவைத்த ஏஜென்ட் மாத்தளைக் கடையைப் பூட்டிக்கொண்டு போயிருந்தான். ஒரு திங்கட்கிழமை லீவு போட்டு, குக்கரைப் பழைய சாரத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸில் போய் முறைப்பாடு எழுதுகிற ஒரு அலுவலகத்தின் வரிசையில் உட்கார்ந்தான். மேசைக்குப் பின்னால் இருந்த பெண் பொறுமையாகக் கேட்டாள். கடைசியாக எப்போது பேசினீர்கள், அடித்தார்களா, அதற்கு வீடியோ இருக்கிறதா என்றெல்லாம் கேட்டாள். அவன் மூடியைத் திறந்து காட்டினான். முந்தின சாயங்காலம் வந்திருந்தது அரை ரொட்டியிலும் பாதிதான், ஓரத்தில் பூஞ்சணம் பிடித்திருந்தது. அவள் அதை வெகுநேரம் பார்த்தாள்.

"சாப்பாட்ட வச்சு முறைப்பாடு எழுத ஏலாது அண்ணே. இதுல அதுக்கு இடமில்ல" என்று படிவத்தைத் திருப்பிக் காட்டினாள்.

பிறகு, போன் எடுப்பதில்லை என்று மட்டும் எழுதி முத்திரை குத்திக் கொடுத்தாள். பதில் வரும், காத்திருங்கள் என்றாள். அவன் காத்திருந்தான். அவனால் செய்ய முடிந்தது அவ்வளவுதான். மிளகு பிரிக்கிற நேரத்திலும் காத்திருந்தான். கை தானாக வேலை செய்தது.

றமீஸா ராத்தா ஷெரோமியைத் தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். இரண்டு நாள் போனாள். மூன்றாம் நாள் போகவில்லை. குக்கரில் இருந்ததை இரண்டாகப் பிய்த்து, பெரிய துண்டைத் தகப்பன் பக்கம் தள்ளினாள். போய் ஒழுங்காகச் சாப்பிடு என்று மைக்கல் அதட்டினான்.

"அம்மா இதத்தானே சாப்பிடுறாங்க" என்றாள் அவள்.

அவள் வீடு மாறி நாற்பத்தோராம் நாள் குக்கர் காலியாக இருந்தது. துடைத்து வைத்ததுபோல ஈரம்கூட இல்லை. மறுநாளும் காலி. அந்த இரண்டு நாளும் மைக்கல் வேலைக்குப் போகாமல் குக்கரின் முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தான். இல்லாத ஒன்றுக்கு எப்படி அர்த்தம் பார்ப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. மூன்றாம் நாள் மூடியைத் தள்ளிக்கொண்டு பருப்பு பொங்கி வழிந்தது. குண்டான் குண்டானாக அள்ளியும் குறையவில்லை. றமீஸா ராத்தா கரண்டியில் எடுத்து முகர்ந்து பார்த்தார். இது வீட்டுப் பருப்பு இல்லை, அம்பது அறுபது பேருக்கு ஒன்றாக ஆக்கியது, அவள் எங்கேயோ நம் பொம்பிளைகளோடு இருக்கிறாள் என்றார். அந்தக் கிழமையே வேறொரு பெண்ணின் போனிலிருந்து மார்ஜரி பேசினாள். கதவு திறந்திருந்த ஒரு பகலில் வெளியே நடந்து, இரண்டு நாள் நடந்தே தூதரகத்து விடுதிக்கு வந்து சேர்ந்திருந்தாள். பாஸ்போர்ட் மட்டும் அந்த வீட்டில்.

ஊர் திரும்புவதற்கான கடதாசிக்காக ஐந்து மாதம். அந்த ஐந்து மாதமும் வரிசையாக ஒட்டிக்கிடந்த அந்த லயத்து வீடுகள் எல்லாவற்றுக்கும் பருப்புக்குப் பஞ்சமில்லை.

பிறகு ஒரு வியாழக்கிழமை, குக்கரில் கொஞ்சம் கோழியும் ஒரு கை பச்சைப் பட்டாணியும் கல்லுப்போல உருண்டையாக ஒரு பணிஸ் ரொட்டியும் இருந்தன. பணிஸின் பக்கத்தில், உருகாமல், சின்னதாக ஒரு பட்டர் துண்டு. மைக்கலுக்கு ஒன்றும் விளங்கவில்லை. றமீஸா ராத்தா எட்டிப் பார்த்து, பட்டர் துண்டை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இது பிளேன் சாப்பாடு தம்பி. அவ ஏறிட்டா."

மறுநாள் காலையிலிருந்து மைக்கலும் ஷெரோமியும் பஸ் நிலையத்தில் நின்று, மாத்தளையிலிருந்து வந்த ஒவ்வொரு பஸ்ஸின் வாசலையும் பார்த்தார்கள். எட்டாவது பஸ்ஸில், ஒரு பொலித்தீன் பையோடு மார்ஜரி இறங்கினாள். அவளை முதலில் ஷெரோமிக்கு அடையாளம் தெரியவில்லை.

நாற்பது நாளும் என்ன நடந்தது என்று மார்ஜரி சொல்லவில்லை. மைக்கலும் கேட்கவில்லை. அவள் சாப்பிட்டதை அவன் சாப்பிட்டிருந்தான். ஒரே ஒரு விஷயம் மட்டும் அவனுக்குத் தெரிய வேண்டியிருந்தது. அடுப்படியில் அவள் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது கேட்டான்.

"நான் போட்ட கோழி ஒனக்கு வந்திச்சா?"

மார்ஜரி கேத்தலை வைத்துவிட்டு யோசித்தாள். அவனுக்காக வேறு பதில் ஒன்றைத் தேடியிருக்கலாம்.

"இல்லைங்க. வரல்ல" என்றாள்.

அவன் தலையாட்டிவிட்டுத் தேத்தண்ணீரை வாங்கிக்கொண்டான்.

இப்போது மார்ஜரிக்கு மாத்தளையில் ஒரு கார்மெண்ட்ஸில் தையல் வேலை. காலையில் மைக்கல் பருப்பைக் கழுவிப் போட்டு மூடிவிட்டுப் போகிறான். சாயங்காலம் குக்கரில் கன்டீன் சோறும் போஞ்சிக்காய்க் கறியும் இருக்கின்றன. சில நாள் ஒரு துண்டு மீன். மத்தியானம் தின்றதையே திரும்பவும் தின்ன வேண்டியிருக்கிறது என்று மார்ஜரிக்குச் சலிப்பு. கன்டீன்காரன் போஞ்சியை ஒழுங்காக நார் எடுப்பதில்லை என்று ஷெரோமி குறை சொல்கிறாள். மூன்று பேரும் சாப்பிட்டுவிட்டுச் சட்டியைக் கழுவிக் கவிழ்க்கிறார்கள்.