நாரை சீக்கிரம் வருகிறது

நாரை என்ற செயற்கைக்கோளைக் கண்காணிக்கும் நிலையம் எங்கள் வீட்டுக் குளியலறையில் இருக்கிறது. இருபது வருடமாக நான்தான் பொறுப்பு. நாரை ஆவடிக்கு மேலே வரும்போது அதன் குரல் ஷவர் வழியாகச் சொட்டும். கீழே வாளி வைத்துப் பிடிப்பேன். அந்த நேரத்தில் யாரும் குளிக்கக் கூடாது. வருகிற விருந்தாளிகளிடம் இதைச் சொல்லிச் சொல்லியே என் தொண்டை போய்விட்டது.

"இருக்கியா?" என்று கேட்பேன்.

"இருக்கேன்" என்று சொட்டும்.

அவ்வளவுதான் வேலை. இதற்குத்தான் சம்பளம்.

கொஞ்ச நாளாக நாரை சீக்கிரம் வர ஆரம்பித்தது. முதலில் காப்பி ஆறுவதற்குள் வந்தது. பிறகு பால் பொங்குவதற்குள் வந்தது. நேற்று பால்காரருக்கே முன்னால் வந்துவிட்டது. தலைமை அலுவலகத்துக்கு ஒரே சந்தோஷம்.

துணை இயக்குநர் சிற்சபேசன் போனில் கூப்பிட்டார்.

"மத்த கோளெல்லாம் டயத்துக்கு வருதும்மா, அவ்ளோதான். உங்களுதுதான் சீக்கிரம் வருது. இந்த வயசுல என்னா சுறுசுறுப்பு!"

"சார், அது விழுந்துட்டிருக்கு."

"நாளைக்குப் பொன்னாடை போத்தறோம்."

"கீழ எறங்க எறங்க சுத்து சின்னதாவுது சார். அதான் சீக்கிரம் வருது."

"மைக் செட்டுக்குச் சொல்லியாச்சு" என்று வைத்துவிட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விஷயம் இதுதான். இந்த வருடம் சூரியன் ரொம்பவே ஆடுகிறது. அந்தச் சூட்டில் காற்று பூரி மாதிரி மேலே வரை உப்பிவிட்டது. உப்பின காற்று நாரையின் காலைப் பிடித்து இழுக்கிறது. இன்னும் ஒரு சுற்று இப்படிப் போனால் நாரை எரிந்துவிடும். இந்த லட்சணத்தில் பொன்னாடை வேறு.

எதிர்வீட்டு ரெஜினா அக்காவிடம் போனேன். அவர்தான் குடியிருப்போர் சங்கச் செயலாளர். எதிர்வீடுதான் என்றாலும் அன்று இரண்டு வாசலுக்கும் இடையிலிருந்த நடை நீண்டுவிட்டது. நல்ல வேளை, பாதி வழியில் ஷேர் ஆட்டோ கிடைத்தது.

அக்கா மீன் கழுவிக்கொண்டிருந்தார்.

"என்னாடி அரசி, மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு?"

"நாரை போயிடும்போல இருக்குக்கா."

"என்னா கோளாறு?"

"காத்து ஜாஸ்தியா இருக்கு."

"எடுத்துட்டா?"

"பொழச்சுக்கும்."

"அவ்ளோதானே? அதுக்கு ஏன்டி அழுவுற?"

நான் அழுகிறேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. இருபது வருடம் ஒருவரிடம் தினமும் "இருக்கியா" என்று கேட்டுப் பாருங்கள். அப்புறம் அவர் இல்லாமல் இருந்து பாருங்கள். என்னால் முடியாது.

அக்கா ஈரக் கையோடு பால்கனிக்குப் போய்க் கை தட்டினார். "ஏம்பா, நாளைக்கு நாரை வர்றதுக்குள்ள தெருவுல இருக்கற காத்தையெல்லாம் எடுத்து உள்ள வைங்க!"

ஏன் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. பஞ்சர் கடை ஹமீது பாய் மெஷினைப் போட்டு லாரி டியூப்களில் காற்றை அடைத்தார். கல்யாண மண்டபத்துக்காரர்கள் பலூனில் பிடித்தார்கள். பலர் குக்கரில் பிடித்து வெயிட் போட்டார்கள். ஒன்றும் கிடைக்காதவர்கள் இழுத்து வாயிலேயே வைத்துக்கொண்டார்கள். மறுநாள் காலையில் காற்று மெலிந்துவிட்டது. கொடியில் புடவைகள் அசையாமல் தொங்கின. காகங்கள் நடந்து போயின.

சிற்சபேசன் பொன்னாடையோடு மொட்டைமாடிக்கு ஏறினார். மாடிப்படியும் அன்று கூடுதலாக இருந்தது. கீழே மழமழவென்று சவரம் செய்த முகத்தோடு தொடங்கியவர், மேலே வந்து சேர்ந்தபோது தாடியோடு இருந்தார். சும்மா சொல்லக் கூடாது, தாடி அவருக்கு நன்றாகவே இருந்தது.

மைக்கைப் பிடித்து வெகுநேரம் பேசினார். காற்று இல்லாததால் ஒன்றும் கேட்கவில்லை. எல்லோரும் மரியாதையாகத் தலையாட்டினோம்.

அப்போது நாரை வந்தது.

தண்ணீர்த் தொட்டிக்குக் கொஞ்சம் மேலே வந்தது. இத்தனை வருடத்தில் நான் அதை நேரில் பார்த்ததே இல்லை. ஒரு பீரோ அளவுதான் இருந்தது. ஒரு சிறகு பாதி இல்லை. உடம்பெல்லாம் பொத்தல். இதை வைத்துக்கொண்டா இத்தனை நாள் "இருக்கேன், இருக்கேன்" என்று சொன்னாய் என்று எனக்கு மனசே ஆறவில்லை.

சிற்சபேசன் பொன்னாடையை அதன்மேல் வீசினார். ஏந்திக்கொள்ளக் காற்று இல்லை. அது நேராக அவர் தலையிலேயே விழுந்தது. நாரை எதிலும் உரசாமல் தொட்டியைத் தாண்டிப் போனது. போகும்போது கொஞ்சம் நிமிர்ந்த மாதிரி இருந்தது. என் ஆசையாகவும் இருக்கலாம்.

வாயில் வைத்திருந்தவர்கள் மட்டும் மூச்சை விட்டார்கள். டியூபையும் குக்கரையும் தான் சொல்லும்வரை யாரும் திறக்கக் கூடாது என்று அக்கா கத்தினார்.

அடுத்த சுற்றுக்காக மறுநாள் விடிவதற்கு முன்பே குளியலறையில் காத்திருந்தோம். நேற்று வந்த நேரம் போனது. முந்தாநாள் வந்த நேரமும் போனது. ஷவர் காய்ந்து கிடந்தது.

"என்னம்மா, ஆளையே காணோம்?" என்றார் சிற்சபேசன்.

மேலே ஏறியிருந்தால் லேட்டாக வரும். எரிந்திருந்தால் வரவே வராது. இரண்டும் இதுவரை ஒரே மாதிரிதான் இருந்தன. எனக்கு வாயைத் திறக்கவே பயம். கேட்டு, பதில் வராவிட்டால்? அக்கா என் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

வாளியில் ஒரு சொட்டு விழுந்தது.

"இருக்கேன்."

நான் கேட்கவே இல்லை. அதுவாகவே சொன்னது.

"எங்க போய்த் தொலைஞ்ச இவ்ளோ நேரம்?" என்று கத்தினேன்.

"பெரிய சுத்து" என்று சொட்டியது. "மேல நல்லா இருக்கு."

அக்கா என்னைக் கட்டிக்கொண்டார். மீன் வாசனை அடித்தது. சிற்சபேசன் கடிகாரத்தைப் பார்த்தார். தாடியைத் தடவினார். முகம் கடுகடுத்தது.

"இப்படி லேட்டா வந்தா அரை நாள் லீவு போட்டுடுவேன். சொல்லி வைங்க."

"போடுங்க சார்" என்றேன். "தெனமும் போடுங்க."