கதவில் நின்றவர்

ஞானமலரின் விரல் கமராவின் விசையில் இருந்தது. பக்கத்தில் அவள் புருசன் டொமினிக் இரண்டு கைகளாலும் வெள்ளைப் பெட்சீட்டை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார். எதிரே கலீலுர் றஹ்மானின் கறுப்பு ஹம்பர் கார்.

உட்துறைமுகத்துக்கு அப்பால் சூரியன் இறங்கிவிட்டது. கார் படத்துக்கு அதற்குப் பிறகு வருகிற வெளிச்சந்தான் வேண்டும் என்பார் டொமினிக். வெயிலில் நிறுத்தினால் கண் கூசும், தகரத்தின் நெளிவெல்லாம் காட்டிக்கொடுக்கும். டயர்களுக்குத் தேங்காயெண்ணெய் பூசியாயிற்று. மண்ணுக்குத் தண்ணீர் தெளித்தாயிற்று. பெட்சீட்டின் வெள்ளை கதவுகளில் நீளமாக விழ, எத்தனையோ கல்யாண வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும் ஓடிக் களைத்த அந்த வாடகைக் கார் நேற்றுத்தான் கப்பலில் இறங்கியதுபோல மினுங்கியது.

புதுக் கார் நாட்டுக்குள் வராத காலம் அது. பழையதைப் புதிதாகக் காட்டுகிறவர்களுக்கு வேலை இருந்தது. கலீலுர் றஹ்மான் ஹம்பரைக் குருநாகலில் ஒருவருக்கு விற்கப் போகிறார். கப்பல்துறையில் தங்கியிருந்த தரகரிடம் படம் கொடுக்கவேண்டும். ஆனால் கார் போலவே பிலிமும் வருவதில்லை. கையில் மிஞ்சியிருந்தது இரண்டு படத்துக்குத்தான். முதலாவதில் காற்று பெட்சீட்டைத் தூக்கிப் படத்தைக் கெடுத்துவிட்டது.

பெட்சீட் பிடிக்கிறவர் அதற்குப் பின்னால் முழுவதும் மறைந்து நிற்கவேண்டும். தலை வெளியே நீண்டால் கதவில் தெரியும். அது டொமினிக்கின் சட்டம். ஞானமலர் பிடிக்கிற நாட்களில் அவள் கொண்டை தெரிந்தாலே சத்தம் போடுவார். அன்று அவர் கைகள்தான் தளர்ந்தன. பெட்சீட் நெஞ்சளவுக்கு இறங்கியது.

"தெரியிறியள்," என்றாள் ஞானமலர்.

"தெரிஞ்சால் என்ன? நீர் நெகட்டிவிலை சுரண்டி எடுப்பீர்தானே. புதுப் பிளேட்டும் வாங்கி மேசையிலை வச்சிருக்கிறன். அமத்தும்."

அமத்தினாள்.

அவர் பெட்சீட்டை மூலைக்கு மூலை சேர்த்து மடித்தார். தண்ணீர் வேண்டும்போலக் கிடக்கு என்று சொல்லி, காரின் முன் சில்லில் சாய்ந்து இருந்தார். பிறகு எழும்பவில்லை. எண்ணெய் பூசிய டயர்கள் மண்ணை வாரியடிக்க, கலீலுர் றஹ்மான் அதே காரில் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். பின் சீட்டில் டொமினிக்கின் தலை ஞானமலரின் மடியில் இருந்தது. திரும்பி வரும்போது அந்தச் சீட்டில் அவள் தனியே இருந்தாள்.

அடுத்த நாள் காலையில் லிங்கநகர் வீட்டில் சவப்பெட்டி வந்து, ஆட்கள் இருக்கக் கதிரைகளும் வந்தபிறகுதான், எல்லோருக்கும் ஒரு விஷயம் விளங்கியது. டொமினிக்கின் படம் ஒன்றுகூட இல்லை. கல்யாணப் படம் அறுபத்துநாலாம் ஆண்டுச் சூறாவளியில் தண்ணீர் குடித்து அழிந்துபோயிற்று. அடையாள அட்டைக்காக ஊரையே வரிசையில் இருத்திப் படம் பிடித்தவர், தன்னுடையதை நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே இருந்தார்.

பெட்டிக்கு முன்னால் வைக்கவும் பேப்பருக்குக் கொடுக்கவும் படம் வேண்டும் என்று அவருடைய தமையன் ஹெக்டர் அந்தரப்பட்டார். துறைமுகக் கந்தோரில் பெரிய கிளாக்கர் அவர். கந்தோர் ஆட்கள் வருகிற வீட்டில் வெறும் பெட்டி மட்டும் இருந்தால் என்ன நினைப்பார்கள்?

ஞானமலர் எழும்பி இருட்டறைக்குப் போனாள். தங்கை மரியமலர் பின்னாலேயே வந்து, செத்த வீட்டில் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கவேண்டிய மனுசி இப்படிச் செய்யலாமா, சனம் கதைக்கும் என்றாள்.

"பெட்டிக்குப் பக்கத்திலை ஊரே இருக்கு. இஞ்சைதான் ஒருத்தரும் இல்லை," என்று கதவைச் சாத்தினாள் ஞானமலர்.

நெகட்டிவைக் கழுவிக் காயவைத்து, சிவப்பு விளக்கில் தாளை மருந்துத் தண்ணீரில் அமிழ்த்தினாள். கறுப்புத்தான் முதலில் வரும். ஹம்பர் வந்தது. டயர்கள் வந்தன. அதற்குப் பின்னால் துறைமுகத்தின் கரை வந்தது. முன் கதவில் மட்டும் ஒரு வெள்ளை மிஞ்சியது. அது பெட்சீட். அதற்கு மேலே ஒரு முகம் மெல்ல மெல்ல வந்தது. கதவின் வளைவு அவரை அகலமாக்கி, கழுத்தை விழுங்கிவிட்டிருந்தது. ஆனால் கண் சரியாக இருந்தது. கதவுக்குள்ளிருந்து அவர் நேரே கமராவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சுரண்டுகிற வேலையில் அவள் கைதான் கை. நெகட்டிவில் படிந்ததைப் பிளேட்டின் நுனியால் பட்டும் படாமலும் சுரண்டினால், படத்தில் அந்த இடம் காரின் கறுப்போடு கலந்துவிடும். எத்தனை கார்க் கதவுகளிலிருந்து அவள் பனைமரத்தை, லைற் கம்பத்தை, வேடிக்கை பார்க்க வந்தவர்களை எடுத்திருக்கிறாள். ஒருமுறை சுரண்டினால் சுரண்டினதுதான். திரும்ப வைக்க ஏலாது.

அவள் மேசைப் பக்கம் போகவில்லை. கதவை மட்டும் பெரிதாக்கி இன்னொரு படம் போட்டாள்.

ஹெக்டருக்கு முகம் கறுத்தது. "என்னது இது? துணி காயப்போடுற ஆள் மாதிரி. இதையோ பெட்டிக்கு முன்னாலை வைக்கிறது? முகத்தை மட்டும் வெட்டி எடுத்து ஒரு கோட்டுப் போட்ட உடம்பிலை ஒட்டும். ஊரிலை எத்தினை பேருக்குச் செய்து குடுத்தனீர்."

"ஓம் அத்தான், செய்து குடுத்தனான்," என்றாள். "எல்லாருக்கும் ஒரே கோட்டுத்தான். அந்தக் கோட்டுக்குள்ளை இவரையும் விட ஏலாது."

அந்த ஊரில் பாதி வீட்டுச் சுவர்களில் அந்தக் கோட்டு தொங்கியது. அங்கே இருந்தவர்களில் சிலர் தங்கள் தகப்பன்மாரை நினைத்துத் தரையைப் பார்த்தார்கள்.

ஹெக்டர் விடவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு, அவன் உயிரோடு இருந்தால் இந்தப் படத்தை வெளியே விட்டிருப்பானா, கதவில் ஒரு காகம் தெரிந்தாலே வேலை சுத்தமில்லை என்கிறவன் அல்லவா என்று கேட்டார். சரியான கேள்விதான் என்பது ஞானமலருக்குத் தெரியும்.

"விட்டிருக்கமாட்டார்," என்றாள். "என்னைச் சுரண்டச் சொல்லித்தான் சொன்னவர். நான் மாட்டன்."

பெட்டிக்கு முன்னால் மெழுகுதிரிகளுக்கு நடுவே அவளே படத்தைக் கொண்டுபோய் வைத்தாள். குனிந்து பார்த்த கிழவர் ஒருவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, இருமி மறைத்தார். ஹெக்டரும் கடைசியில் கிட்ட வந்து வெகுநேரம் பார்த்தார்.

"இவன் இவ்வளவு மொத்தமில்லை," என்றார்.

"கதவு அப்பிடி, அத்தான்."

கலீலுர் றஹ்மான் வாசலில், கழற்றிய செருப்புக்குப் பக்கத்தில் நின்றார். வந்ததிலிருந்து கார்ப் படத்தைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. ஞானமலர்தான் முழுக் காரும் உள்ள படத்தை அவர் கையில் கொடுத்தாள். அவர் பார்த்தார். கண்ணைத் துடைத்தார். பிறகு தயங்கித் தயங்கி, "தங்கச்சி, இந்தத் தரகன் பொல்லாதவன். கதவில நிக்கிற ஆள் ஆரெண்டு கேட்டா நான் என்னத்தைச் சொல்ல?" என்றார்.

"றஹ்மான் நானா, தானாப் படம் விழுமோ? பிடிக்கிறதுக்கு ஆள் வேணும்தானே. அப்பிடிச் சொல்லுங்கோ. படம் வேண்டாமெண்டால் திருப்பிக் கொண்டுவந்து தாங்கோ. சுரண்டித் தாவெண்டு மட்டும் கேக்காதேங்கோ."

அவர் படத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார்.

பின்னேரம் கோவில் மணி அடித்தது. டொமினிக்கைக் கொண்டுபோனார்கள். எல்லோரும் திரும்பி வந்து கைகால் கழுவிக்கொண்டிருந்தபோது, கலீலுர் றஹ்மான் கப்பல்துறையிலிருந்து வந்து படலையடியில் நின்றார். தரகர் படத்தை இப்படியும் அப்படியும் பிடித்துப் பார்த்துவிட்டு, எஞ்சினைப் பற்றி மட்டுந்தான் கேட்டாராம்.

ஞானமலர் தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். ஹம்பரின் நெகட்டிவை அதன் உறைக்குள் போட்டு மேசை லாச்சியை இழுத்து அதற்குள் வைத்தாள். டொமினிக் வாங்கி வைத்த பிளேட் மேசையில் கிடந்தது. அதன் தாள் இன்னும் பிரிபடவில்லை.