விசில் ஊதிய பிறகு

அந்தச் சனிக்கிழமை பிரான்வின் பதினொன்றரைக்கே வீடு திரும்பினாள். ஆஸ்பத்திரிச் சமையலறையில் கூட வேலை செய்பவள் முன்னதாகவே வந்து பொறுப்பேற்றுக்கொண்டதால், இரண்டு மணிவரை நிற்க வேண்டியிருக்கவில்லை.

முன்புல்வெளியில் கணவன் டேரலும் ஏழு வயது மகன் ஆங்கஸும் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். டேரலின் தலையில் கடற்கொள்ளைக்காரர்கள்போல் கட்டிய சிவப்புத் துணி, கழுத்தில் விசில்.

"பதினெட்டு நிமிஷம்! மொத்த வீடும் முடிச்சாச்சு. புது ரெக்கார்டு!" என்று அங்கிருந்தே கத்தினான்.

பிரான்வின் சிரித்துக்கொண்டே படியேறினாள். சிரிக்கக் காரணம் இருந்தது. நான்கு மாதமாக, அவள் வேலைக்குப் போகும் சனிக்கிழமைகளில் டேரல் பிள்ளைகளை வைத்து வீட்டு வேலையை விளையாட்டாக்கியிருந்தான். கூடம் கப்பல் தளம். வாளியோடு ஓடிக் கழுவ வேண்டும். துவைத்த துணி புதையல். விசில் ஊதுவதற்குள் முடித்தவருக்கு நட்சத்திரம். அவள் வரும்போது தரை காய்ந்து பளபளக்கும், துணிகள் ஓரம் சேர்த்து மடித்திருக்கும். பள்ளி ஆசிரியை மிஸ் பிரைஸ், மற்றப் பெற்றோருக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள் என்று வரும் செவ்வாய்க்கிழமை பெற்றோர் கூட்டத்தில் டேரலைப் பேசக் கூப்பிட்டிருந்தாள். "எங்க வீட்டுத் தரையில தட்டில்லாமலே சாப்பிடலாம், மிஸ்" என்று பெருமையடித்தது பிரான்வின்தான்.

கதவைத் திறந்தால் கூடம் முழுக்கத் தண்ணீர்.

பத்து வயது மகள் டெஸ் முட்டிபோட்டு, பழைய குளியல் துண்டால் தண்ணீரைப் பின்கதவுப் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தாள். கால்சட்டை தொடைவரை நனைந்திருந்தது. சோபாவில் துணி மலைபோல் கிடந்தது. கழுவி அடுக்கிய தட்டுகளில் முட்டை மஞ்சள் காய்ந்து ஒட்டியிருந்தது.

"என்னடி பண்ற?"

டெஸ் திடுக்கிட்டாள். "நீ ரெண்டு மணிக்குத்தானே வருவ? அதுக்குள்ள முடிச்சிருவேன்மா."

"அப்பா எல்லாம் முடிஞ்சதுன்னாரே?"

"கேம் முடிஞ்சிருச்சு. இது அதுக்கு அப்புறம் இருக்கிற வேலை."

"ஒவ்வொரு வாரமும் நீயா செய்யற?"

அவள் தலையாட்டினாள். சுவரில் தொங்கிய நட்சத்திர அட்டையைப் பிரான்வின் பார்த்தாள். ஆங்கஸுக்கு முப்பத்தொரு நட்சத்திரம், டெஸ்ஸுக்கு ஒன்பது.

"விசில் ஊதினப்புறம் செய்யறது கணக்குல வராதும்மா."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"முதல் வாரம் தரை ஈரமா இருந்துச்சுன்னு நீ அப்பாவைத் திட்டின. மறுபடி திட்டினா அப்பா கேமை நிறுத்திருவாரு. ஆங்கஸ் அழுவான்."

பிரான்வினுக்கு உச்சந்தலைவரை சூடேறியது. வாசலுக்குப் போய்க் கத்தினாள். "டேரல், உள்ள வா!"

"இந்த ஓவர் முடிஞ்சதும்..."

"இப்பவே வா!"

எதிர்வீட்டுக்காரர் புல் வெட்டும் எந்திரத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

உள்ளே வந்த டேரல் தண்ணீரையும் மகளையும் பார்த்தான். "நான் அவளைச் செய்யச் சொல்லவே இல்லையே!"

"நீ சொல்லல. யாருமே சொல்லல. அதான் வயிறு எரியுது. அப்பன் போட்ட கூத்துக்குப் பின்னாடி தொடைக்கிறது தன் வேலைன்னு பத்து வயசுப் பொண்ணு தானா கத்துக்கிட்டிருக்கா."

"பிள்ளைங்களுக்கு வேடிக்கையா இருக்கட்டுமேன்னுதான்..."

"எந்தப் பிள்ளைக்கு?"

டெஸ்ஸின் கையிலிருந்த துண்டை வாங்கி அவன் மார்பில் எறிந்தாள். சட்டை நனைந்தது. இன்னொரு துணி ஆங்கஸுக்குப் போனது.

"இதுக்கு ஸ்டார் உண்டா?" என்றான் ஆங்கஸ்.

"கிடையாது."

"அப்ப நான் எதுக்குச் செய்யணும்?"

"நீ தண்ணி ஊத்தின தரைங்கிறதால."

டெஸ்ஸை நாற்காலியில் உட்காரவைத்தாள். அவளால் உட்கார முடியவில்லை. "பாத்ரூம் மூலையில தண்ணி தேங்கும்மா, அவங்களுக்குத் தெரியாது" என்று எழுந்தாள். உட்காரவைத்தால் மறுபடியும் எழுந்தாள்.

"உக்காருடி!"

டெஸ் முகம் சுருங்கிப்போனது. கத்தக் கூடாத பிள்ளையிடம் கத்திவிட்டோம் என்று பிரான்வினுக்கு உறைத்தது. காரை எடுத்துத் துறைமுகத்துப் பக்கம் கூட்டிப்போய் உருளைக்கிழங்கு வறுவல் வாங்கிக் கொடுத்தாள். காற்றில் காகிதப் பொட்டலம் படபடத்தது.

"என் மேல கோவமாம்மா?"

"உன் மேல இல்ல."

"அப்பா மேலயா?"

"அப்பா மேல. என் மேலயும். தரை காஞ்சிருந்தா போதும்னு நானும் இருந்துட்டேன்."

செவ்வாய்க்கிழமை டேரல், "தொண்டை கட்டிருச்சுன்னு மிஸ்கிட்ட சொல்லிரட்டுமா?" என்று கேட்டுப் பார்த்தான்.

"போய்ப் பேசு. நானும் வர்றேன்."

பள்ளி நூலகத்தில் முப்பது பேர் இருந்தார்கள். டேரல் கொள்ளைக்காரக் கப்பல் கதையைச் சொன்னான், எல்லாரும் சிரித்தார்கள். இரண்டாம் வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்த மனைவியைப் பார்த்ததும் அவன் பேச்சு தடுமாறியது.

"கேம் பதினெட்டு நிமிஷம்தான். அதுக்கப்புறம் ரெண்டு மணி நேரம் என் பொண்ணு தனியா வேலை செஞ்சிருக்கா. எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கணும்னு நான் திரும்பிப் பார்க்கவும் இல்ல."

சிரிப்பு நின்றது. ஆனால் கூட்டம் கலைந்ததும் ஆளாளுக்கு வந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். எவ்வளவு நேர்மை, எந்த அப்பா இப்படி ஒத்துக்கொள்வார் என்றார்கள். மிஸ் பிரைஸுக்குக் கண் கலங்கியேவிட்டது. டெஸ்ஸைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

காரில் டேரல் மெதுவாகக் கேட்டான். "அதான் உண்மையைச் சொல்லிட்டேனே, இன்னும் என்ன?"

"சொன்னதுக்கும் கைதட்டு வாங்கிட்ட இல்ல? வாயை மூடிக்கிட்டு ஓட்டு."

அடுத்த சனிக்கிழமை பிரான்வின் விடுப்பெடுத்து வீட்டிலேயே இருந்தாள். டேரலும் ஆங்கஸும் வேலையை முடிக்க மூன்று மணி நேரம் ஆனது. ஆங்கஸ் இரண்டு தடவை அழுதான். அழுதுகொண்டே காலுறைகளுக்கு ஜோடி தேடினான். டெஸ் பக்கத்து வீட்டு டிராம்போலினில் பகல் முழுக்கக் குதித்துக்கொண்டிருந்தாள். முதல் ஒரு மணி நேரம் வேலிக்கு மேலாக எட்டி எட்டிப் பார்த்தாள். பிறகு பார்க்கவில்லை.

டேரல் கை விரல்கள் ஊறிச் சுருங்க வந்து உட்கார்ந்தபோது, பிரான்வின் அவனுக்கும் ஒரு கோப்பை தேநீர் ஊற்றினாள். முகத்தைப் பார்த்துப் பேச அவளுக்கு இன்னும் மனம் வரவில்லை.