ஏற்றிவிட வந்த ஆள்

கல் ஏலத்தில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது என்று ஆறு வருஷமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். சொல்லும்போது நெஞ்சைக் கொஞ்சம் நிமிர்த்திக்கொள்வேன். ஒரகடத்தில் பிரேக் பாகங்கள் செய்யும் கம்பெனியில் லைன் வேலை, மற்ற நேரமெல்லாம் போனில் கல். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து வல்லக்கோட்டை சாலையில் வாடகை அறையில் கிடக்கும் இந்த உச்சிமாகாளிக்குப் படிகக் கல்லும் பாறைத் துண்டும் எதற்கு என்று கேட்பீர்கள். சிலருக்குக் கிரிக்கெட், சிலருக்குச் சீட்டு, எனக்கும் என்னோடு அந்த அறையில் இருந்த இசக்கிபாண்டிக்கும் கல். அவ்வளவுதான்.

ஆரம்பித்து வைத்தவன் இசக்கிபாண்டிதான். ஒவ்வொரு கல்லின் அடியிலும் விரல் நுனி அளவுக்கு வெள்ளை பெயின்ட் தடவி, காய்ந்ததும் கறுப்பு மையில் எண் எழுதுவான். முதலில் அவன் பெயரின் இ, பிறகு எண். அந்த இனாவை மூன்று சுழி சுழித்துத்தான் விடுவான். அதை எங்கே பார்த்தாலும் எனக்குத் தெரியும்.

அவனிடம் இருந்ததிலேயே காசு கொடுத்து வாங்காத கல் ஒன்றுதான், பதினேழாம் எண். ஒரு ஞாயிற்றுக்கிழமை வல்லக்கோட்டை முருகனைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பும்போது, குடோன் கட்ட அஸ்திவாரம் தோண்டிக் கொட்டியிருந்த மண் குவியலில் கிடைத்தது. வெளிர் மஞ்சள் கல், கத்தி முனையால் நெம்பினால் ஏடு ஏடாகப் பிரியும். நான்தான் நெம்பினேன். உள்ளே ஓர் இலையின் அச்சு, நடு நரம்பும் இரு பக்கமும் வரிசையான சிற்றிலைகளுமாக, நேற்றுத்தான் வைத்து அமுக்கியது மாதிரி இருந்தது. கோடி வருஷத்துக்கும் மேலே இருக்கும் என்றான். ஏல, இது நம்ம ரெண்டு பேருக்கும் பொது என்றும் சொன்னான்.

போன வருஷம் ஆடி மாதம் ஓவர்டைம் முடித்துவிட்டு பைக்கில் வந்தவனை ஒரு லாரி அடித்துவிட்டது. ஆளும் போய்விட்டான், பையில் இருந்த போனும் தூளாகிவிட்டது. துணிமணி, சர்டிபிகேட், பேங்க் புத்தகம் எல்லாவற்றையும் நான்தான் கட்டி ஊருக்கு அனுப்பினேன். கல் இரண்டு கோணி இருந்தது. அந்த அறையில் கண் விழித்தால் அந்தக் கோணிதான் முன்னால் நிற்கும். பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரம் வரும், யார் மேல் என்று தெரியாத ஆத்திரம். பெங்களூரிலிருந்து ஒரு கல் வியாபாரி காரில் வந்தார். மொத்தமாக ஒரு விலை பேசி இரண்டு கோணியையும் ஏற்றிவிட்டேன். பணத்தை அவன் அம்மாவுக்குப் போட்டேன். பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனபோது அவன் தங்கை சுகப்பிரியா, அண்ணன் கல்லெல்லாம் எங்கே என்று கேட்டாள். விற்றாயிற்று என்றேன். யாருக்கு என்று கேட்டு வியாபாரியின் பெயரை எழுதி வாங்கிக்கொண்டாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு கோணியில் ஒரு கல்லையாவது எடுத்து வைக்கத் தோன்றாத என் புத்தியை நான் ஒரகடம் திரும்பும் பஸ்ஸில்தான் திட்டிக்கொண்டேன்.

இந்த வருஷம் பங்குனியில் அந்த வியாபாரி ஏலத் தளத்தில் பதினேழாம் எண்ணைப் போட்டார். முன்புறம் இலை, பின்புறம் வெள்ளைப் பொட்டில் மூன்று சுழி இனா. என்ன ஆனாலும் இதை எடுத்தே தீர்வது என்று அறுநூறில் ஆரம்பித்தேன். ஏழு நாள் ஏலம், ஞாயிறு மாலை நாலு மணிக்கு முடிவு.

இணைய ஏலத்தில் ஒரு திருட்டு உண்டு. விற்கிறவனே வேறு பெயரில் ஓர் ஆளை நுழைப்பான். நாம் ஐநூறு என்றால் அந்த ஆள் அறுநூறு என்பான். நாம் ஆசையில் எழுநூறுக்குப் போவோம். போதுமான அளவு ஏறியதும் அந்த ஆள் ஒதுங்கிக்கொள்வான், கல்லை நம் தலையில் கட்டிவிடுவார்கள். எங்கள் கல் சேகரிப்போர் குழுவில் அப்படிப்பட்டவனுக்கு ஏற்றிவிடுகிற ஆள் என்று பெயர். இரண்டு வியாபாரிகளை நான் ஆதாரத்தோடு பிடித்துக் கொடுத்திருக்கிறேன். புதிதாகச் சேருகிறவர்கள் என்னிடம்தான் யோசனை கேட்பார்கள்.

அப்படிப்பட்ட எனக்கே ஓர் ஆள் வந்து வாய்த்தது. தளத்தில் பெயர் தெரியாது, எண் மட்டும்தான். ஏலதாரர் நான்கு. நான் எவ்வளவு போட்டாலும் அதற்கு மேல் ஐம்பது ரூபாய் போடும். புதன்கிழமைக்குள் மூவாயிரத்துத் தொள்ளாயிரம் வந்துவிட்டது. எண்ணைத் தொட்டால் ஆளின் ஜாதகமே வரும், தொட்டுப் பார்த்தேன். கணக்குத் திறந்து இரண்டே மாதம். இதுவரை ஒரு கல்கூட வாங்கியதில்லை. கேட்டதெல்லாம் இந்த ஒரே வியாபாரியின் கற்கள். மூன்று ஏலத்தில் விலையை ஏற்றி மூன்றிலும் கடைசியில் ஒதுங்கியிருக்கிறது. ஒரு தடவை பெரிய தொகை போட்டுப் பத்து நிமிஷத்தில் பின்வாங்கியும் இருக்கிறது. குழுவில் நான் பாடம் எடுக்கும்போது சொல்கிற அடையாளம் அத்தனையும் வரிசையாக இருந்தது.

வியாழக்கிழமை முதல் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்ததும் புகார்ப் படிவத்தைத் திறந்தேன். பக்கத்தில் பகலவன். உள்ளூர்க்காரன், என் லைனில்தான் வேலை, எதற்கும் என்னைக் கிண்டல் பண்ணுகிறவன். எட்டிப் பார்த்தான். கல்லுக்குப் போய் போலீஸ் கேஸா என்று சிரித்தான். செத்தவன் கல்லை வைத்து எவனோ என்னிடம் விளையாடுகிறான் என்று அவனுக்கு எல்லாவற்றையும் விளக்கினேன். கேட்டுவிட்டுச் சொன்னான்.

"புச்சா வந்த ஆளும் இப்டித்தானே மாமே கேப்பான்? அவனுக்கும் அந்தக் கல்லு மேல இன்னாவோ கீதோ இன்னாவோ."

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் நிற்கும். உனக்கு இதைப் பற்றி என்னடா தெரியும், வாயை மூடிக்கொண்டு வா என்றேன். அவனும் மூடிக்கொண்டான். வியாபாரியின் கையாள் என்ற கட்டத்தில் டிக் அடித்து, நாலு படம் சேர்த்து, இது நிஜ ஆளே இல்லை, போலி என்று கீழே ஒரு வரியும் எழுதி அனுப்பினேன். பஸ் வல்லக்கோட்டை திரும்புவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

சனிக்கிழமை காலை ஏலதாரர் நான்கு கேட்டிருந்த விலைகள் அத்தனையும் அழிக்கப்பட்டிருந்தன. எதிர்த்துக் கேட்க ஆள் இல்லாததால் விலை சரசரவென்று இறங்கி ஆயிரத்துக்குக் கீழே வந்து நின்றது. அந்த ஏலதாரரின் கணக்கு நிறுத்திவைக்கப்பட்டுள்ளது, விழிப்போடு இருந்ததற்கு நன்றி என்று எனக்குத் தளத்திலிருந்து கடிதம். ஞாயிறு நாலு மணிக்கு ஏலம் என் பெயருக்கு முடிந்தது. பகலவனைக் கூப்பிட்டு டீயும் பஜ்ஜியும் வாங்கிக் கொடுத்தேன். அவ்வளவு குஷி எனக்கு. இசக்கிபாண்டி இருந்திருந்தால் தோளில் தட்டியிருப்பான் என்று நினைத்துக்கொண்டேன், வெட்கமில்லாமல்.

மறுநாள் மாலை மொட்டை மாடியில் யூனிபார்மைக் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது சுகப்பிரியா கூப்பிட்டாள். சங்கரன்கோவிலில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறாள். காரியத்துக்குப் பிறகு அவள் என்னைக் கூப்பிட்டதே இல்லை. அழுதிருந்தாள் என்பது குரலிலேயே தெரிந்தது. நான் பெயர் எழுதிக் கொடுத்த வியாபாரியை எட்டு மாதமாகப் பின்தொடர்ந்திருக்கிறாள். தளத்தில் கணக்குத் திறந்து, அண்ணன் கல் எது வந்தாலும் கேட்டிருக்கிறாள். மூன்று தடவை கைக்கு எட்டாத விலைக்குப் போய்விட்டது. ஒரு தடவை ஒரு சைபர் கூடுதலாக விழுந்து பயந்துபோய்ப் பின்வாங்கினாளாம். இப்போது பதினேழாம் எண் வந்தது, அதற்காகச் சீட்டுப் பணத்தை எடுத்து வைத்திருந்தாளாம். ஐம்பது ஐம்பதாக ஏறிக்கொண்டிருந்தபோது அவளைப் போலி ஆள் என்று யாரோ எழுதிப் போட்டு, கணக்கை மூடிவிட்டார்கள்.

கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவளுக்குக் கல் முக்கியம் இல்லை. அண்ணன் கையால் எழுதியது என்று வீட்டில் ஒன்றுமே இல்லையாம். இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள், எல்லாம் போனில் இருந்தது, போனும் போய்விட்டது. அம்மா அந்த வெள்ளைப் பொட்டின் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கிறாளாம்.

"உங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியும்ணே. எடுத்தது யாருன்னு மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. நான் அவுககிட்டக் கேட்டுக்கிடுதேன்."

அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும். விசாரிக்கிறேன் என்றேன். சரிண்ணே என்று எவ்வளவு நம்பிக்கையாகச் சொன்னாள் தெரியுமா? நான் கடைந்தெடுத்த கோழை. அன்றைக்குத்தான் எனக்கே அது தெரிந்தது.

புதன்கிழமை கூரியரில் கல் வந்தது. பிரித்து ஜன்னலில் வைத்தேன். இலையைக் கொஞ்ச நேரம், எழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தேன். நானும் இவனோடு ஐந்து வருஷத்துக்கு மேல் ஒரே பாயில் படுத்தவன்தானே, எனக்கு ஒன்று வேண்டாமா என்று நெஞ்சு முரண்டு பிடித்தது. வியாழன் மதியம் அதே பெட்டியில் கட்டி சங்கரன்கோவிலுக்கு அனுப்பிவிட்டேன். எடுத்தவர் நல்ல மனுஷன், விஷயத்தைச் சொன்னதும் பணம்கூட வாங்காமல் கொடுத்துவிட்டார் என்று சுகப்பிரியாவுக்குச் செய்தி போட்டேன். பொய் எவ்வளவு அழகாக வந்தது பாருங்கள், என்னையே நான் நல்ல மனுஷனாக்கிவிட்டேன். அவள் கும்பிடும் கை ஏழெட்டு அனுப்பினாள். அவள் அம்மா சனிக்கிழமை பெட்டியைப் பிரித்து, கல்லை மடியில் வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லையாம்.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். ஞாயிறு காலை சுகப்பிரியாவிடமிருந்து மூன்று தாள்கள் வாட்ஸ்அப்பில் வந்தன. அண்ணன் கல் இன்னும் நிறைய அந்த வியாபாரியிடம் இருக்கிறது, கேட்பதற்குக் கணக்கு வேண்டும், அதோடு என்னைப் போலி என்று சொன்னது பொறுக்கவில்லை, நான் நிஜ ஆள்தான் என்று தளத்துக்கு எழுதியிருக்கிறேன், இங்கிலீஷ் சரியா என்று பாருங்கள் என்றிருந்தாள். முதல் தாள் கடிதம். இரண்டாவது அவள் ஆதார். மூன்றாவது இசக்கிபாண்டியின் இறப்புச் சான்றிதழ். ஜெராக்ஸ் கடைக்காரி அல்லவா, மடிப்பு, நிழல் எதுவும் இல்லாமல் சுத்தமாக ஸ்கேன் பண்ணியிருந்தாள்.

அதைப் பார்த்ததும் நான் உடைந்துவிட்டேன். ஏங்கி ஏங்கி அழுதேன். தான் ஒரு மனுஷி என்று நிரூபிக்க, அண்ணன் செத்த காகிதத்தை முகம் தெரியாத எவனுக்கோ அனுப்பும் நிலைக்கு அவளைக் கொண்டு நிறுத்தியது நான் பஸ்ஸில் உட்கார்ந்து எழுதிய ஒரு வரி.

முதலில் புகாரைத் திரும்பப் பெறும் படிவத்தை நிரப்பினேன். இந்த ஏலதாரர் உங்களுக்குத் தெரிந்தவரா என்று ஒரு கேள்வி இருந்தது. ஆம் என்று அடித்தேன். தெரிந்தவர்கள் இருவர் ஒரே பொருளைக் கேட்டது சந்தேகத்துக்குரியது என்று ஒரு மணி நேரத்தில் என் ஆறு வருஷக் கணக்கையும் நிறுத்தினார்கள். அது எனக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை. சுகப்பிரியாவைக் கூப்பிட்டேன். வீட்டில்தான் இருந்தாள்.

"சுகா, அந்தப் புகார எழுதுனது நாந்தாம்மா. கல்ல எடுத்ததும் நாந்தான். நீன்னு தெரியாது."

அந்தப் பக்கம் பாத்திரம் உருளும் சத்தமும், அவள் அம்மா யாரோடோ பேசும் சத்தமும் கேட்டன. திட்டிவிடு தாயே என்று காத்திருந்தேன்.

"தெரியாம எழுதிட்டிய, சரி. திங்கக்கெழம நான் அழுதப்பத் தெரிஞ்சிட்டுல்லா. அதுக்குப் பொறவு ஒரு வாரம் எதுக்குண்ணே சொல்லல?"

தப்பு என்றேன். அந்தச் சான்றிதழை அனுப்ப வேண்டாம், தளத்துக்கு நானே எழுதிவிட்டேன் என்றேன். அவள் கேட்டுக்கொண்டாளா என்றுகூடத் தெரியவில்லை. பிறகு குரலை மிகவும் தாழ்த்திக்கொண்டாள்.

"அம்மாட்ட இதச் சொல்லிராதிய. எட்டு மாசத்துக்கப்பொறம் நேத்துத்தான் அவ வாய் தொறந்து பேசுதா."

அதற்குள் அவள் அம்மா, யாரு, உச்சிமாகாளியா, குடு குடு என்று போனை வாங்கிவிட்டார். எம்பிள்ளை எழுத்தை வீடு கொண்டு சேர்த்துட்டியேய்யா என்றார். கூடப் பிறந்தவன்கூட இப்படித் தேடி எடுத்துக் கொடுக்க மாட்டான் என்றார். எனக்கென்று சங்கரன்கோவிலில் மாவிளக்கு நேர்ந்திருக்கிறாராம். நீ நல்லா இருக்கணும் ராசா, நல்லா இருக்கணும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

சரிம்மா என்றேன். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார். பக்கத்தில் சுகப்பிரியா மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. அவளுக்கும் நான் சொன்னது கேட்டிருக்கும்.